சென்னையில இருந்து நேர பலாலிக்கு, அம்மாவோட

இந்த முறை லண்டனில இருந்து ஊருக்குப் போகேக்க தங்கச்சியின்ர கலியாணச் சீலை எடுக்க ரெண்டு நாள் சென்னையில நிண்டனாங்கள், அங்கயிருந்து கொழும்பால சுத்தாம நேர யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கே டிக்கெட் போட்டன். அம்மாவுக்கு 74 வயசு, முழங்கால் வருத்தம். போன முறை கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்தில இறங்கி இரவிரவா வானில வந்ததில கால் ரெண்டும் வீங்கி மூண்டு நாள் செருப்புப் போடேலாமக் கிடந்தவ.

தூரத்தை ஒருக்காப் பாருங்கோ. சென்னையில இருந்து பலாலி நேர்கோட்டில கிட்டத்தட்ட 355 கிலோமீட்டர், கட்டுநாயக்கா 645 வரும். வரைபடத்தில சென்னைக்கும் கட்டுநாயக்காவுக்கும் ஒரு கோடு கீறிப் பாத்தா அது யாழ்ப்பாணத்துக்கு மேலாலதான் போகுது, அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் எங்கட ஊரை மேலால கடந்து போய் இறங்கி, திரும்ப ஒரு 400 கிலோமீட்டர் றோட்டால வடக்க வந்திருக்கிறம். நினைக்க நெஞ்சு வலிக்குது. 1947 டிசம்பரில அந்தக் காலத்து இலங்கை விமானக் கம்பனி எயார் சிலோன் சென்னைக்கு விட்ட முதல் பிளேனே காங்கேசன்துறையில, அதுதான் இந்தப் பலாலியில, இறங்கித்தான் போனது. பிறகு சண்டையால எல்லாம் நிண்டு, 2019 ஒக்டோபரில சர்வதேச விமான நிலையமாத் திறந்து, கொரோனாவில மூடி, 2022 டிசம்பரிலதான் திரும்பப் பிளேன் வந்தது.

பிளேன் காத்தாடி வைச்ச ஏடிஆர் எண்ட சின்னப் பிளேன். ஏறுறதுக்கு நாலைஞ்சு படிதான், வேலை செய்யிற பிள்ளை ஒண்டு அம்மாவின்ர கையைப் பிடிச்சு ஆறுதலா ஏத்தி விட்டுது, அந்தப் பிள்ளை நல்லா இருக்கவேணும். பறந்தது ஒரு மணித்தியாலம் சொச்சம், ஆனா சர்வதேசப் பயணம் எண்டபடியா மீனம்பாக்கத்துக்கு, அதுதான் சென்னை விமான நிலையத்துக்கு, மூண்டு மணித்தியாலம் முந்திப் போகவேணும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ. ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை.

சாமானிலதான் கவனம். லண்டன் பிளேனில விட்ட கிலோவில அரைவாசியும் இதில இல்லை, நான் டிக்கெட்டைத் தனித்தனியா எடுத்ததால லண்டன் கணக்கு இஞ்ச செல்லாது எண்டு சொல்லிப்போட்டினம். கவுண்டரில சூட்கேஸைத் திறந்து சீலைகளை ஒவ்வொண்டா எடுத்து கைப்பையுக்க அடைஞ்சும் காணாம, மிச்சத்துக்குக் காசு கட்டினனான். முதலே ஒன்லைனில கிலோ வாங்கி வையுங்கோ.

பிளேன் பதியேக்க கடல் முடிஞ்சு பனையும் செம்மண்ணும் தெரிஞ்சுது. அம்மா ஜன்னல்ல நெத்தியை வைச்சபடி "தம்பி, இது வசாவிளான் பக்கமெல்லோ" எண்டா. கனக்க ஆக்கள் இல்லை, பெட்டியும் கெதியா வந்திட்டுது. சுன்னாகத்து வீட்டுக்கு வந்து மத்தியானச் சோறு சாப்பிட்டிட்டு, ஆற்ர கையையும் பிடிக்காம தானாவே கிணத்தடிக்குப் போய்க் கால் கழுவினவ.