எலி வெளியே போய்ச் சாகும் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்

“எங்க மருந்தைத் தின்ன எலிக்குத் தாகம் தாங்காது மேடம். தண்ணி தேடி வெளியே ஓடி அங்கேயே செத்துடும். வீட்டுக்குள்ள ஒண்ணுகூட சாகாது.”

எலி ஒழிக்க வந்து நிற்கும் ஆள் உங்களிடமும் இந்த வசனத்தைப் பேசினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்களிடம் பேசிய நிறுவனத்தின் பெயரை இங்கே போடப் போவதில்லை. அந்தப் பெயரைத் தவிர்த்துவிட்டு, அதே லட்சணத்தில் வேலை செய்யும் இன்னொருவரிடம் நீங்கள் மாட்டிக்கொண்டால் என்ன பயன்? அதனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுத் தொந்தரவு வழக்கமானதுதான். ராத்திரியானால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓட்டம், சமையலறை சிங்க்குக்கு அடியில் புழுக்கை, வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாயில் பல் தடம். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை, கிடைத்ததையெல்லாம் கொறிக்கும். குழாயைக் கடித்தது வயரைக் கடிக்க எவ்வளவு நேரமாகும், தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிட்டோம்.

வந்தவர் சீருடை, முகமூடி, கையுறை என்று பார்க்கப் பக்காவாக இருந்தார். சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றினார். போனில் நாலைந்து படம் எடுத்தார். சிங்க்குக்கு அடியில் குனியவில்லை, டார்ச் அடிக்கவில்லை, வீட்டுக்கு வெளியே போய்ச் சுவரோரம் பார்க்கவும் இல்லை. புழுக்கையை நானே காட்டினேன். அதைப் பார்த்தே எந்த எலி என்று சொல்லிவிடலாம்: 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் கூர்முனையோடு இருந்தால் சுண்டெலி, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய எலி. எந்த எலி என்று தெரிந்தால்தானே எவ்வளவு சின்ன ஓட்டைவரை தேடுவது, எந்தப் பொறி வைப்பது என்று முடிவு செய்ய முடியும்? அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நம்ம மருந்து எல்லா எலிக்கும் கேட்கும் மேடம்” என்றார். அப்புறம் ஒரு வருட கியாரண்டி என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அலமாரிகளுக்கு அடியில் எதையோ தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் படுக்கையறையில் ஒரு வாடை. முதலில் காயாத துணியின் வாடை என்று நினைத்தோம். போகப் போக அறைக்குள் நிற்கவே முடியவில்லை. சீலிங்கில் விளக்குப் பொருத்திய ஓட்டை வழியாக நீலமும் பச்சையுமாக மினுங்கும் ஈக்கள் ஒவ்வொன்றாக இறங்கி, ஜன்னல் கண்ணாடியில் மோதி மோதி விழுந்துகொண்டிருந்தன. கையிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்பு வேறு. செத்த எலியின் உடம்பு ஆறிவிட்டால் அதன்மேல் இருந்த தெள்ளுப்பூச்சிகளும் சிற்றுண்ணிகளும் வேறு இரத்தம் தேடிக் கிளம்பிவிடும். மேலே எலி, கீழே எங்கள் கட்டில்.

போன் செய்தால், “பாத்தீங்களா மேடம், மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு” என்றார்கள். சரி, வந்து எடுத்துப் போங்கள் என்றேன். கியாரண்டி உயிரோடு இருக்கும் எலிக்கு மட்டும்தானாம். செத்த எலியை எடுப்பது வேறு வேலை, அதற்குத் தனிக் கட்டணம், சீலிங்கைப் பிரித்துச் சேதமானால் அவர்கள் பொறுப்பில்லை. வெளியே ஓடிச் சாகும் என்றீர்களே என்று கேட்டேன். “சில எலி அப்படி, சில எலி இப்படி.”

எந்த எலியும் அப்படி இல்லை. இன்று வீடுகளில் வைக்கும் எலி மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைக் கெடுப்பவை. 1940களின் இறுதியில் வந்த வார்ஃபரின் இந்த வகையில் முன்னோடி. இதய நோயாளிகளுக்கு இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரையாகத் தருவதும் அதையேதான். இப்போது அதைவிடப் பல மடங்கு வீரியமான புரோமாடியோலோன், புரோடிஃபாகூம் புழங்குகின்றன. உறைவதற்கான புரதங்களைச் செய்யக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். தீர்ந்த வைட்டமினைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியை மருந்து அடைத்துவிடும். இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் புரதம் தீரும்வரை எலி தெம்பாகவே திரியும், அப்புறம் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். தின்றதிலிருந்து பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். இந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்ததுதான். தின்றவுடன் உடம்பு கெட்டால் எலி அந்தத் தீனியைச் சந்தேகப்பட்டு விட்டுவிடும். தாகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தளர்ந்துபோன எலி போய்ப் படுப்பது தன் பொந்தில்தான். அது உங்கள் சுவருக்குள்ளேயும் சீலிங்குக்கு மேலேயும் இருக்கிறது. “செத்தாலும் நாறாது, காய்ந்து சருகாகிவிடும்” என்று இன்னொரு வசனமும் உண்டு. அதுவும் புளுகு.

நாற்றத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியே இருக்க மாட்டேன். ஒருநாள் காலை பெரியவளின் ஷூவை உதறினால் கைப்பிடி அளவு இளஞ்சிவப்புத் தானியம் தரையில் கொட்டியது. சின்னவன் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசு. எலி கண்ட இடத்திலேயே எல்லாவற்றையும் தின்றுவிடாது. வாயில் கவ்விக்கொண்டுபோய் ஒளித்து வைக்கும். அதனால்தான் மருந்தைப் பூட்டிய பெட்டிக்குள், கம்பியில் கோத்த கட்டியாக வைக்க வேண்டும். எங்கள் ஆள் தானியத்தைப் பிளாஸ்டிக் மூடிகளில் கொட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: மருந்தின் பெயர் என்ன? நிறுவனத்துக்கு அங்கிருந்தே போன் போட்டேன். “இம்போர்ட்டட் மேடம்.” பெயர்? “ஹெர்பல் கலந்தது.” பாக்கெட்டைப் படம் எடுத்தாவது அனுப்புங்கள் என்றால், “அது கம்பெனி சீக்ரெட்.”

எலி மருந்தில் எந்த ரகசியமும் கிடையாது. முறையான மருந்தின் உறையில் வேதிப்பொருளின் பெயரும் அளவும் அச்சிட்டிருக்கும். புரோமாடியோலோன், புரோடிஃபாகூம் என்றால் பெரும்பாலும் 0.005 சதவீதம். அந்தப் பெயரில்தான் உயிரே இருக்கிறது. இரத்தம் உறையாமல் செய்யும் வகைக்கு முறிவு மருந்தாக வைட்டமின் கே1 இருக்கிறது. துத்தநாக பாஸ்ஃபைடு வயிற்றுக்குள் போனால் பாஸ்ஃபீன் என்ற விஷவாயுவாக மாறும். அதற்கு முறிவே இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலையே அழித்துவிடும். அதற்கும் முறிவு இல்லை. இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று நிறத்தை வைத்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் வகையில் அறிகுறி தெரியவே நாளாகும் என்பதால், குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று சும்மா இருக்கவும் முடியாது. டாக்டர் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்தார், இடைவெளி விட்டு மறுபடியும் சோதித்தார். அவன் ஒன்றும் தின்றிருக்கவில்லை. அந்த இடைவெளியில் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

இதைவிட மோசமாக, அலுமினியம் பாஸ்ஃபைடு மாத்திரையை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தானியக் கிடங்கை மூடி முத்திரை வைத்து, பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்தும் பொருள் அது. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்ஃபீனை வெளியே விடும், பக்கத்து அறைக்கும் கசியும். யாராவது “மாத்திரை வைக்கிறேன், கதவைச் சாத்திட்டு அடுத்த ரூம்ல படுங்க” என்றால் பேச்சே வேண்டாம், உடனே வெளியே அனுப்புங்கள்.

சண்டை போட்ட பிறகு வேறொரு ஆளை அனுப்பினார்கள். சுவரில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து ஸ்பிரே ஃபோம் அடித்தார். மறுநாள் காலை அதற்குக் கீழே மஞ்சள் தூள் குவிந்திருந்தது. ஃபோமை மட்டும் வைத்து அடைத்தால் எலி கொறித்துத் தள்ளிவிடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா? போகும்போது, சுவிட்ச் போர்டில் செருகும் ஒலிக்கருவி ஒன்றை வாங்கச் சொன்னார். எலிக்கு மட்டும் கேட்கும் சத்தமாம், காது தாங்காமல் ஓடிவிடுமாம். கேட்கும், உண்மைதான், ஆனால் சீக்கிரமே பழகிவிடும், சுவரும் சாமான்களும் அந்தச் சத்தத்தை மறைத்தும் விடும். அமெரிக்காவின் எஃப்.டி.சி. என்ற வர்த்தக ஆணையம் 2001-லேயே இந்தக் கருவிகளைத் தயாரித்து விற்கும் 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு, அறிவியல் ஆதாரம் இல்லாமல் இப்படியெல்லாம் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பசை அட்டையும் வேண்டுமா என்றார். எலி உயிரோடு ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கும். இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் அதை வைப்பதே குற்றம். வேண்டாம் என்றேன்.

கடைசியில் வழியைக் காட்டியவர் வாஷிங் மெஷின் குழாயை மாற்ற வந்த பிளம்பர். சிங்க்குக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். கழிவுக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும் அல்லவா, அதை நகர்த்தினார். பின்னால் இரண்டு விரல் நுழையும் இடைவெளி, விளிம்பெல்லாம் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. எலி சுவரை உரசிக்கொண்டே ஓடும் பிராணி. தினமும் போகும் வழியில் அதன் உடம்பு அழுக்கு இப்படிப் படியும். சுண்டெலிக்கு பென்சில் நுழையும் ஓட்டை, சுமார் 6 மில்லிமீட்டர் போதும். பெரிய எலி 12 மில்லிமீட்டரிலேயே உடம்பை நெருக்கி வந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்கு ராஜபாட்டையே போட்டிருந்தது.

இடைவெளியில் கம்பி நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமெண்ட் பூசினார். காற்றுத் துளைகளுக்கு 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை, பின்கதவின் அடியில் உலோகப் பட்டை. சந்தேகமான ஓட்டைகளில் தாளைக் கசக்கிச் செருகிவிட்டுப் போனார். காலையில் வெளியே தள்ளிக் கிடந்தால் அது புழக்கத்தில் இருக்கும் வழி. உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்கு அடிக்கும் பொறிதான் வைத்தோம், சுவரை ஒட்டி, இரை இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்தபடி. பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். அதனால் முதலில் சில நாள் பொறியை ஏற்றாமல் வெறும் இரையோடு விட்டு, பழகிய பிறகுதான் ஏற்ற வேண்டும். சுண்டெலிக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

ஓட்டையை ஏன் அந்த நிறுவனம் தேடவில்லை என்று இப்போது புரிகிறது. சுண்டெலியின் கர்ப்பம் சுமார் 3 வாரம், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி, அவை ஆறேழு வாரத்தில் குட்டி போடத் தயார். வழி திறந்திருந்தால் எத்தனை செத்தாலும் அந்த இடத்துக்கு வேறு வரும். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். ஓட்டையை அடைத்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

புழுக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதிலும் தப்பான யோசனைதான் தந்தார்கள். “பெருக்கித் தள்ளிடுங்க” என்றார் அந்த ஆள். காய்ந்த புழுக்கையைப் பெருக்கினாலும் வாக்குவம் போட்டாலும் தூசி காற்றில் ஏறும். ஹன்டா வைரஸ் பரவும் வழியே அதுதான். ஜன்னல்களைத் திறந்து அரை மணி விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனையத் தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டு, தாளால் துடைத்து எடுத்துக் கட்டிப் போடுங்கள். சிறுநீர் பட்ட இடத்துக்கும் இதேதான். எலிக்காய்ச்சல் அதிலிருந்துதான் வருகிறது.

ஒழுங்கானவர்களும் இருக்கிறார்கள். வந்ததும் மருந்துப் பையைத் திறக்காமல் வீட்டைச் சுற்றி நடப்பார்கள், ஓட்டைகளைப் பட்டியல் போடுவார்கள், மருந்து வைத்தால் உறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கியாரண்டித் தாளில் ஓட்டை அடைப்பதும் செத்த எலியை எடுப்பதும் எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

எங்கள் பணம் இன்னும் திரும்பவில்லை. பதிலுக்கு இன்னொரு தடவை இலவசமாக மருந்து வைத்துத் தருகிறார்களாம். வேண்டாம் என்று எழுதி, முதல் தடவை வைத்த மருந்தின் பெயரையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. நுகர்வோர் புகார் தயாராகிறது. அதில் என்ன ஆனாலும் இதே பதிவில் சேர்க்கிறேன்.