விருந்தினர் எந்த வழியாக வந்தார்: ரெபரரா, யூ.டி.எம். குறியா, நேரே கேட்பதா?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுத்தால், சீசன் தொடங்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "தம்பி, பேஸ்புக்குக்குக் காசு கட்டுறன். அதைப் பாத்து ஆக்கள் வருகினமோ?" பதில் தேட மூன்று வழிகள் உண்டு. பிரவுசர் தானாகவே அனுப்பும் ரெபரர் ஹெடர், எங்கிருந்து வருகிறார் என்று நாமே ஒரு பெயர் வைத்து, பகிரும் லிங்கின் வாலில் ஒட்டும் யூ.டி.எம். குறி, வந்தவரையே கேட்டுவிடுவது. மூன்றும் ஒரே ஆளைப் பற்றி மூன்று கதை சொல்லும் என்பதுதான் சிக்கல்.

ரெபரருக்குச் செலவே இல்லை. ஒருவர் எங்கோ ஒரு பக்கத்தில் நம் லிங்கைத் தட்டினால், பிரவுசர் நம் சேர்வரிடம் பக்கத்தைக் கேட்கும்போது கூடவே ஹெடர் எனப்படும் சில வரிகளை அனுப்புகிறது: என்ன பிரவுசர், என்ன மொழி, இதற்கு முன் நின்ற பக்கம் எது என்று. அந்தக் கடைசி வரிதான் ரெபரர். சேர்வர் தன் வருகைகளை எழுதிவைக்கும் லாக்கிலும் அது பதிவாகிவிடும். ஒரு காலத்தில், கூகிளில் என்ன சொல் போட்டுத் தேடி வந்தார் என்பதுகூட அதில் இருந்தது. 2011இல் கூகிள் தேடலை மறையாக்கத்துக்கு மாற்றத் தொடங்கியதும் அந்த வசதி போனது. பிறகு 2020இல் குரோம் 85உம் 2021இல் பயர்பாக்ஸ் 87உம், வேறு தளத்துக்குப் போகும்போது முழு முகவரிக்குப் பதில் தளத்தின் பெயரை மட்டும் அனுப்புவதை வழக்கமாக்கின. பஸ் டிக்கெட்டில் ஏறிய ஊர் இருக்கும், வீட்டு இலக்கம் இருக்காது. இப்போது ரெபரரும் அப்படித்தான்.

பேஸ்புக்கிலிருந்து வந்தால் பெரும்பாலும் 'எல்.பேஸ்புக்.காம்' என்று விழும். எந்தக் குழு, எந்தப் பதிவு, காசு கட்டிய விளம்பரமா, யாரோ சும்மா பகிர்ந்ததா என்று ஒன்றும் தெரியாது. ஆக, அந்த அண்ணை கேட்ட கேள்விக்கு ரெபரரிடம் பதில் இல்லை. வட்ஸ்அப் இன்னும் மோசம். செயலிக்குள் இருந்து தட்டினால் லாக்கில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு மட்டும் நிற்கும். முகவரியைக் கையால் அடித்தவருக்கும் அதே கோடுதான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர் வழியாகவே பாதி விசாரணை வரும் ஊரில், அந்தக் கோட்டை 'நேரடி வருகை' என்று எண்ணி மகிழ்வது வீண். போதாததற்கு ரெபரரை யாரும் எப்படியும் போலியாக எழுதி அனுப்பலாம். லாக்கில் சம்பந்தமே இல்லாத தளப் பெயர்கள் குவிந்திருந்தால், பொட் எனப்படும் தானியங்கி நிரல்களின் வேலையாக இருக்கும்.

செக்-ஃபெட்ச்-சைட் என்று இன்னொரு ஹெடரும் உண்டு. ஆள் வந்தது வெளித்தளத்திலிருந்தா, நம் தளத்துக்குள் இருந்தா என்று சொல்லும், எந்தத் தளம் என்று சொல்லாது. பாதுகாப்புக்கு நல்லது, நம் கணக்குக்கு உதவாது.

யூ.டி.எம். குறி அர்ச்சின் என்ற நிறுவனத்தின் மென்பொருளில் பிறந்தது. 2005இல் கூகிள் அதை வாங்கியது. குறி முகவரியோடு சேர்ந்தே இருப்பதால், வட்ஸ்அப்பில் போனாலும் பிடிஎஃப்பில் கிடந்தாலும் கூடவே வரும். காசு கட்டிய விளம்பரத்துக்கு ஒரு பெயர், புறாத்தீவுக்குப் படகு விடுபவரின் மேசையில் ஒட்டும் கியூஆருக்கு இன்னொரு பெயர் என்று வைத்தால், மாத முடிவில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஆனால் பெயரை ஒருநாள் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் மறுநாள் சின்ன எழுத்திலும் தொடங்கினால், வருகையை எண்ணும் கருவியான அனலிடிக்ஸ் இரண்டாகப் பிரித்து எண்ணும். விளம்பரத்திலிருந்து லிங்கைக் கொப்பி பண்ணி மச்சானுக்கு அனுப்பினால், மச்சானும் விளம்பரக் கணக்கில்தான் ஏறுவார். நாம் போடாத லிங்கில் குறி இருக்கவே இருக்காது.

சரி, கேட்பது? "எங்களை எங்க பாத்தனீங்கள்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டால் "மாமி அனுப்பினவ" என்று பதில் வரும். இதை எந்த ஹெடரும் சொல்லாது. யூரியூப்பில் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கூகிளில் பெயரைத் தேடி வந்தவரை ரெபரர் கூகிள் கணக்கில் எழுதும். அவரோ யூரியூப் என்பார். குறை என்னவென்றால், படிவத்தில் கேட்டால் "இன்டர்நெட்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவரைக் கேட்கவும் முடியாது.

என் கணக்கில், ஏழெட்டு அறை உள்ள இடத்துக்குக் கேட்பதுதான் முதல். விளம்பரத்துக்குக் காசு போகிறதென்றால் யூ.டி.எம். கட்டாயம். ரெபரர் ஒன்றுக்குத்தான் உதவும்: நமக்குத் தெரியாமல் யாரோ ஒரு பயணக்காரர் தன் தளத்தில் நம்மைப் பற்றி எழுதியிருந்தால், அது அங்கேதான் முதலில் தலைகாட்டும். மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

அப்புறம், நம் பக்கத்திலிருந்து வேறு தளத்துக்குப் போகும்போது ரெபரர் நம்மிடமிருந்தும் வெளியே போகும். அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளத்தில் பக்க முகவரிக்குள் இருந்த வயது, கர்ப்பம், புகைப்பழக்கம் போன்ற விபரங்கள் இப்படியே வெளி நிறுவனங்களுக்குப் போனது 2015இல் அம்பலமானது; பிரவுசர்கள் முழு முகவரியையும் அனுப்பிய காலம் அது. உங்கள் முன்பதிவுப் பக்கத்தின் முகவரியில் விருந்தினரின் பெயரோ ஃபோன் இலக்கமோ தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தெரிந்தால், தளம் செய்தவரிடம் அதை எடுக்கச் சொல்லி, அந்தப் பக்கத்துக்கு ரெபரர் பொலிசியை 'நோ-ரெபரர்', அதாவது ரெபரரே அனுப்பாதே, என்று வைக்கச் சொல்லுங்கள்.