மாரியிலும் வைஃபை நிற்காமலிருக்க ஒரு சின்னப் பெட்டி

மாரி தொடங்கினால் ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும், ரவுட்டர் அணைந்து மகளின் ஸூம் வகுப்பும் பாதியில் நின்றுவிடும். அதற்காக மட்டக்களப்பு டவுனில் வாங்கிய மினி யூபிஎஸ் (கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பற்றரியால் ரவுட்டரை ஓட்டும் சின்னப் பெட்டி) போன மாரி முழுக்க நன்றாக உழைத்தது. கரண்ட் போனதே தெரியாமல் இணைப்பு ஓடுகிறது, முழுச் சார்ஜில் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் வரும்.

வாங்க முதல் ரவுட்டர் அடப்டரில் எழுதியிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். எங்களுடையது 12 வோல்ட், 1.5 அம்பியர், யூபிஎஸ்ஸின் வோல்ட் இதோடு அப்படியே பொருந்த வேண்டும், அதன் அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறைந்தால் ரவுட்டர் அணைந்து அணைந்து எரியும். பிளக் முனை பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

யூபிஎஸ் சூடாகுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் துணி எதுவும் மூடாமல் காற்றுப்படும் இடத்தில் வைத்திருக்கிறோம்.