கையால் பாலிஷா, மெஷினா? வீட்டில் முதன்முறை காரை மெருகேற்றுவோருக்கான அலசல்

காரில் நாம் பார்க்கும் நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத இன்னொரு படலம் இருக்கிறது. அதுதான் கிளியர் கோட். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான். சராசரித் தலைமுடியை விட மெல்லியது. வெயில், மழை, பறவை எச்சம் எல்லாவற்றையும் தாங்கி அடியில் இருக்கும் நிறத்தைக் காப்பது இதன் வேலை. பாலிஷ் போடும்போது கீறல் நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்தான் தேய்ந்து, கீறலின் அடிமட்டம் வரை இறங்குகிறது. இறங்கியது திரும்ப ஏறாது.

ஆகவே முதல்முறை இறங்குபவர் 'எது அதிகம் பளபளக்கும்?' என்று கேட்பதை விட, 'கை தவறினால் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது?' என்று கேட்பது நல்லது. கடையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும், ஒவ்வொரு மெஷினையும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

கழுவுவதில் இருந்தே தொடங்க வேண்டும்

இரவில் மொபைல் டார்ச்சை பானட்டின் மேல் காட்டிப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல மெல்லிய கோடுகள் தெரியும். வட்டவட்டமாக யாரோ தேய்த்ததால் வந்தவை என்று தோன்றும். உண்மையில் அவை எல்லாத் திசையிலும் ஓடும் சின்னச் சின்னக் கீறல்கள். வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகின்றன. இவற்றில் பெரும்பகுதி கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் தினமும் தட்டித் துடைக்கும் பழக்கம் இதில் முதல் குற்றவாளி.

ஒரே வாளி, ஒரே ஸ்பாஞ்ச் என்பது எளிது. ஆனால் எடுத்த மண் அதே தண்ணீரில் கலந்து மறுபடி பெயிண்ட் மேலேயே ஏறுகிறது. இரண்டு வாளி முறையில் ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கழுவும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, பலனில் நிறைய இருக்கிறது. நுரை பீய்ச்சும் ஃபோம் கன் இருந்தால் மண்ணை முன்கூட்டியே ஊறவைக்கும். ஆனால் அது கையால் கழுவுவதற்கு மாற்று இல்லை.

தண்ணீர் கொஞ்சமாக இருக்கும் இடத்தில் வசிப்பவர்களுக்கு, அலசத் தேவையில்லாத வாஷ் திரவம் நல்ல போட்டியாளர். சிலவற்றில் 256 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு திரவம் போதும். ஒரு வாளித் தண்ணீரில் முழுக் காரும் முடிந்துவிடும். சாதாரணத் தூசிக்கு இது தாராளம். சேறு அப்பியிருந்தால் முதலில் தண்ணீர் பீய்ச்சி இறக்காமல் இதைத் தொடவே கூடாது.

பாத்திரம் கழுவும் சோப்பைக் காரில் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். பழைய வாக்ஸை அகற்றத்தானே என்று நினைத்தாலும், அதற்கு அடுத்து வரும் கிளேவும் (ஒட்டிய துகளைப் பிடுங்கி எடுக்கும் களிமண் போன்ற பொருள்) பாலிஷுமே போதும்.

கிளே பாரா, கிளே கையுறையா?

கழுவி முடித்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் பானட்டைத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். பிரேக்கில் இருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகள், தார், மரப்பிசின் என்று பலதும் இருக்கும். இவற்றை விட்டுவிட்டு மேலே பாலிஷ் போட்டால், பிடுங்கிக்கொண்டு வரும் துகளே புதிய கீறல் போடும்.

கிளே பார் சின்னதாக இருக்கும், நேரம் பிடிக்கும், கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதில் ஒட்டிய மண்ணை வெளியே எடுக்கவே முடியாது. கிளே கையுறை வேகமானது, விழுந்தாலும் அலசிவிட்டுத் தொடரலாம். ஆனால் கையுறையில் அழுத்தம் எங்கே போகிறது என்று விரலுக்குச் சரியாகத் தெரியாது. எனக்குக் கிளே பாரே பிடிக்கும். சிறு துண்டைக் கிள்ளித் தட்டையாக்கி, வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, நேர்கோட்டில் ஓட்டினால் முதலில் உரசும் ஒலி கேட்கும். அது நின்று வழுக்கத் தொடங்கும்போது அந்த இடம் முடிந்தது. துண்டைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாக இருக்கும். மடித்துப் புதுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இரும்புத் துகள் கரைப்பான் தெளித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். கந்தக வாடை வரும். காற்றோட்டமான இடமும் கையில் ரப்பர் கையுறையும் வேண்டும். இதை முதலில் போட்டால் கிளேவுக்கு வேலை குறையும், உராய்வும் குறையும். கையில் காசு கொஞ்சம்தான் என்றால், இதையும் கிளேவையும் வாங்கிவிட்டு வேறெதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம்.

மெஷின்: உண்மையான போட்டி இங்கேதான்

கையால் பாலிஷ் போடுவது மிகவும் பாதுகாப்பானது என்பது பாதி உண்மை. ஒரு முழுக் காரைக் கையால் செய்து கிளியர் கோட்டை ஓட்டை போட யாராலும் எளிதில் முடியாது. ஆனால் விரல்களின் அழுத்தம் ஒரே சீராக இருக்காது. விரல் பட்ட இடம் ஒரு மாதிரி, இடைவெளி ஒரு மாதிரி என்று கோடு கோடாகத் தெரியும். மென்மையான பெயிண்டில் கொஞ்சம் முன்னேற்றம் கிடைக்கும். கடினமான பெயிண்டில் தோள்பட்டை வலிதான் மிச்சம். கதவுக் கைப்பிடியின் உட்குழி, கண்ணாடித் தூண், ஒற்றைக் கீறல் இவற்றுக்குக் கை போதும். முழு பானட்டுக்குப் போதாது.

ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழல்கிறது. பெரும்பாலானவற்றில் வேகம் நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை. தேர்ந்த கையில் இதைப் போல வேகமாக வெட்டும் கருவி இல்லை. தேராத கையில், ஒரே இடத்தில் சில நொடிகள் அதிகமாக நின்றாலே சூடு ஏறிவிடும். பேனலின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் ஏற்கெனவே மெல்லியது. அங்கேதான் முதலில் எரிந்து நிறம் வெளியே தெரியும். பிளாஸ்டிக் பம்பர் இன்னும் மோசம், இரும்பைப் போலச் சூட்டைக் கடத்தி விடாது. அப்படியே தப்பினாலும் வெயிலில் நிறுத்தும்போது மேகம் போல நெளியும் தடங்கள் தெரியும். என் கேள்விக்கு ரோட்டரியின் பதில் தெளிவானது: தவறினால் மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும்.

டிரில் மெஷினில் மாட்டும் பாலிஷ் பேட் (தேய்க்கும் மெத்தை) மலிவு என்பதால் பலர் அதன் பக்கம் சாய்கிறார்கள். அதுவும் ஒற்றை அச்சில் சுழல்வதுதான். ஆனால் ரோட்டரியில் இருக்கும் பிடிமானமும் சமநிலையும் இதில் இல்லை. காருக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரட்டை இயக்க மெஷினில் பேட் சுழலவும் செய்கிறது, மையம் விலகி ஆடவும் செய்கிறது. சுழற்சி கட்டாயம் இல்லாத வகையில், அதிகமாக அழுத்தினாலோ சாய்த்தாலோ பேட் சுழல்வதை நிறுத்திவிடும், வெறுமனே அதிரும். புதியவரைக் காப்பது இந்தக் குணம்தான். பேட்டின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழல்கிறதா நின்றுவிட்டதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். கியர் வைத்துக் கட்டாயமாகச் சுழற்றும் டி.ஏ.யும் உண்டு. அது அழுத்தினாலும் நிற்காது, ஆகவே முதல் மெஷினாக வேண்டாம்.

ஆடும் அகலத்தில் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வகைகள். 21 பெரிய தட்டையான பரப்பைச் சீக்கிரம் முடிக்கும், வளைவில் தடுமாறும். 8 மெதுவானது, ஆனால் வளைந்த கதவிலும் பம்பரிலும் சுழற்சியை எளிதில் இழக்காது. வளைவுகள் நிறைந்த சின்னக் காருக்கு 8, நீண்ட தட்டைப் பக்கங்கள் கொண்ட காருக்கு 15 என்று நான் சொல்வேன். முதல்முறை எடுப்பவருக்கு இதில் எதை எடுத்தாலும் வருத்தம் வராது.

காம்பவுண்ட், பாலிஷ், ஆல் இன் ஒன்

காம்பவுண்ட் ஆழமாக வெட்டும், மேலே லேசான மங்கலை விடும். ஃபினிஷிங் பாலிஷ் கொஞ்சமாக வெட்டும், தெளிவாக முடிக்கும். ஆல் இன் ஒன் ஒரே ஓட்டத்தில் லேசாக வெட்டி, மேலே வாக்ஸையும் விட்டுச் செல்லும். இவற்றில் பலவற்றில் கீறலை நிரப்பி மறைக்கும் பொருள் கலந்திருக்கும். அன்றைக்கு அழகாகத் தெரியும். சில வாஷ்களுக்குப் பிறகு கீறல் திரும்பிவிடும். தினமும் ஓடும் காருக்கு அது பாதகம் இல்லை, கிளியர் கோட் மிச்சமாகிறது. கீறலே போய்விட்டது என்று நம்பி ஏமாறாமல் இருந்தால் சரி.

எதை வாங்குவது என்பதைக் கடைக்காரரோ நானோ சொல்ல முடியாது. ஒரே நிறத்தில் இரண்டு கம்பெனிக் கார்களின் கிளியர் கோட் கடினம் வேறு வேறாக இருக்கும். இடையில் பெயிண்ட் அடித்த பேனல் மற்ற பேனல்களில் இருந்தே மாறுபடும். கார்தான் சொல்ல வேண்டும். பானட்டின் நடுவில் மாஸ்கிங் டேப்பால் 45 சென்டிமீட்டர் சதுரம் கட்டுங்கள். மென்மையான ஃபோம் பேட், அதில் பட்டாணி அளவில் நாலு சொட்டு ஃபினிஷிங் பாலிஷ். மெஷினை இயக்கும் முன்பே பேனலில் வைத்து, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு நடுத்தர வேகத்துக்கு ஏற்றி, நெடுக்காகவும் குறுக்காகவும் பாதிப் பாதி மேலேறும்படி நாலைந்து ஓட்டம். கையின் நகர்வு நொடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர். பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாக. மெஷினின் எடைக்கு மேல் கொஞ்சம் அழுத்தினால் போதும். புறங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது.

துடைத்த பிறகு உடனே மகிழ்ந்துவிடாமல், தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடையுங்கள். பாலிஷின் எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டிருக்கும். அது போன பிறகு தெரிவதே உண்மை. டார்ச்சைப் பிடித்தால் டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்திவலை, அந்தப் பக்கம் தெளிந்த நிறம். அப்படி வந்தால் இதே பேட், இதே பாலிஷ் முழுக் காருக்கும். போதவில்லை என்றால் முதலில் பேட்டை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள், பிறகுதான் காம்பவுண்ட். பேட்டின் நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு இல்லை.

நகத்தை ஓட்டும்போது மாட்டும் கீறலை விட்டுவிடுங்கள். அதை முழுவதும் எடுக்க நினைத்தால் கிளியர் கோட் அந்த இடத்தில் மிஞ்சாமல் போகலாம். ஓரங்கள் மழுங்கினாலே பாதி மறைந்துவிடும். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வாங்கினால், அது மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மேலே எதைப் பூசுவது?

கார்னௌபா வாக்ஸ் பிரேசிலின் ஒரு பனை இலையில் இருந்து வருவது. இயற்கை மெழுகுகளில் கடினமானது என்றாலும் 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பூசுவது சுகம், அடர்ந்த நிறங்களில் ஒளிரும் விதம் அழகு. ஆனால் வெயிலில் நிற்கும் காரில் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம்.

செயற்கை சீலன்ட், அதாவது ரசாயனக் காப்புப் பூச்சு, மெலிதாகப் பூசி, காய்ந்ததும் துடைத்தால் நாலைந்து மாதம் நிற்கும். எங்காவது திட்டாகத் தெரிந்தால் மறுபடி பூசித் துடைக்கலாம். செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு வருடம் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் நிற்காது, கழுவுவது எளிது. ஆனால் பூசிய சில நிமிடங்களில் சரியாகத் துடைக்காத இடம் அப்படியே இறுகி, கறைபோல நிற்கும். அதை எடுக்க அந்த இடத்தில் மறுபடி பாலிஷ்தான். முதல் நாள் முழுவதும் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம். அடியில் விட்ட கீறலும் அதோடு சேர்ந்து உள்ளே பூட்டப்படும். டப்பாவில் இருக்கும் 9 எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு; கல் தெறித்தாலோ சாவி உரசினாலோ அது காப்பாற்றாது.

முதல்முறைக்கு என் தேர்வு சீலன்ட். பூசிய பிறகு ஒரு சீசன் முழுவதும் இரண்டு வாளி முறையில் கழுவி, 350 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 350 கிராம்) அளவிலான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து வாருங்கள். சீலன்ட் தேய்ந்து தண்ணீர் முத்து முத்தாக நிற்காத நாளில் மறுபடி டார்ச் பிடித்துப் பாருங்கள். புதிய கோடுகள் பெரிதாக இல்லை என்றால் கழுவும் கை பழகிவிட்டது. செராமிக் வாங்க அதுவே சரியான நேரம். கோடுகள் திரும்பியிருந்தால் கோட்டிங் பணத்தை வைத்துக்கொண்டு, நல்ல கையுறையும் துணிகளும் வாங்குங்கள்.