டூட்டாஸ்டரைடு, டாம்சுலோசின் கூட்டு கேப்சூல்: ஒரு வருடம் சாப்பிட்ட பிறகு

புராஸ்டேட் வீக்கத்துக்காக டூட்டாஸ்டரைடு 0.5 மி.கி., டாம்சுலோசின் 0.4 மி.கி. இரண்டும் சேர்ந்த கேப்சூலை ஒரு வருடமாக எடுத்துக்கொள்கிறேன். டாம்சுலோசின் சிறுநீர்ப்பை வாயில் இறுகிய தசையைத் தளர்த்துவதால் முதல் வாரத்திலேயே சிறுநீர் முக்காமல் போனது, ஆனால் சுரப்பியையே சுருக்குகிற டூட்டாஸ்டரைடின் பலன் தெரிய 6 மாதம்கூட ஆகலாம், அதற்குள் சரிப்படவில்லை என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இரவில் நாலு தடவை எழுந்த எனக்கு இப்போது ஒரு தடவைதான், அந்தத் தூக்கம் பெரிய வரம். குறைகளும் உண்டு. சட்டென எழுந்தால் தலை சுற்றும், விந்து குறையும், ஆசையும் கொஞ்சம் மங்கியது. அப்புறம் முக்கியமான விஷயம், இந்த மருந்து ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று அறியப் பார்க்கிற புரதம்) அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும், அதனால் புற்றுநோய் பரிசோதனை செய்கிற டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்புரை அறுவைக்கு முன்பும் சொல்ல வேண்டும்.