அகமதாபாத் முற்றம்: மையா, பென்சிலா?

அகமதாபாத் பழைய நகரத்தில், போள் எனப்படும் நெருக்கமான குடியிருப்பில் உள்ள வீடு ஒன்றின் முற்றத்தை நண்பர் இரண்டு விதமாக வரைந்து காட்டினார். மைப் படத்தில் மரத்தூணின் செதுக்கல்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்; வெயில்தான் இல்லை.

பென்சில் படத்தில் செதுக்கலெல்லாம் வெறும் கிறுக்கல். ஆனால் மழைநீர் சேரும் நிலத்தடித் தொட்டி இருக்கிறதே, டாங்கா என்பார்கள், அதன் மூடியை 6பி என்ற மென்மையான, கருமையான பென்சிலால் அழுத்தித் தீட்டிவிட்டு, பக்கத்தில் தாளை அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறார். அந்த வெள்ளைதான் உச்சிவெயில். கண் கூசுகிறது!

2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர்; ஆவணமாக வைக்க மைப் படம் சரி. என் வீட்டுச் சுவருக்குப் பென்சில்தான். விரல் பட்டால் கரி ஈஷும், கண்ணாடிச் சட்டம் போட வேண்டும்.