‘கடல்வாழ் உயிரின மருத்துவ டிப்ளமோ’வுக்குப் பணம் கட்டாதீர்கள்

பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில் ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை பஸ் நிலையங்களில் ஒரு துண்டறிக்கை கொடுக்கிறார்கள். மேலே கடல் பசு படம். கீழே, ‘கடல்வாழ் உயிரின மருத்துவ டிப்ளமோ. ஓராண்டு. அரசு அங்கீகாரம். வனத்துறையில் வேலை உறுதி.’ இதில் சேர்ந்தவள் என் தங்கை. கட்டணம் 85,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம்.

எங்கள் ஊர் பாம்பன் பக்கம். வலையில் ஆமை சிக்கினால் அப்பா வலையை அறுத்தாவது கடலில் விட்டுவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு வேறு என்ன படிக்கத் தோன்றும்? அவளுடைய அந்த ஆசைக்குத்தான் இவர்கள் விலை வைத்தார்கள்.

சேர்க்கையின்போது சொன்ன பொய்தான் எல்லாவற்றிலும் கொடியது. “நீட் எழுதாத பிள்ளைக்குக் கால்நடைப் படிப்பு கிடைக்காதும்மா, இது ஒன்றுதான் வழி” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசையில்தான் நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி கால்நடை மருத்துவம், மீன்வளம் இரண்டிலும் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. என் தங்கை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவள். அவள் விண்ணப்பித்திருக்க வேண்டிய மாதத்தில் இவர்களிடம் ரசீது வாங்கிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு ஒரு மாடியறையில் நடந்தது. பாடம் எடுத்தவர் கால்நடை மருத்துவர் அல்லர். களப்பயிற்சி என்று மதுரையில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்கு அனுப்பி, நாய்களைக் குளிப்பாட்டவும் கூண்டு கழுவவும் வைத்தார்கள். சம்பளம் கிடையாது. ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போய், வலையில் வந்த ஆமையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்கள். கடல் ஆமையும் கடல் பசுவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய உயிரினங்களின் பட்டியலில் உள்ளவை. வழக்கு என்று வந்தால் படத்தில் முகம் தெரியும் பிள்ளைகள்தான் மாட்டுவார்கள். வனத்துறை வேலைக்கு ஆசைப்பட்டு வந்த பிள்ளைகளை இப்படியா நிறுத்துவது?

அங்கீகாரம் எங்கே என்று நான் நேரில் போய்க் கேட்டேன். சுவரைக் காட்டினார்கள். அறக்கட்டளைப் பதிவு, ஐ.எஸ்.ஓ. சான்று, சிறுதொழில் பதிவு. மூன்றில் ஒன்றுகூடப் படிப்புக்கான அங்கீகாரம் இல்லை. வனத்துறை அலுவலகத்தில் ஓர் அதிகாரி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தப் பணிக்கும் நாங்கள் இதைக் கேட்பதில்லையே அம்மா” என்றார். தங்கை அன்று இரவு சாப்பிடவில்லை.

இந்தச் சான்றிதழை வைத்து விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவருக்கே அந்த உரிமை. அந்தப் பட்டத்துக்கு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள் ஆகும். கடல்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான்காண்டு மீன்வளப் பட்டம் இருக்கிறது. அதற்கான அரசுக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடியில் இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது தங்கையின் அசல் மதிப்பெண் பட்டியலைத் தர மறுத்து, தேர்வுக் கட்டணம் பாக்கி என்றார்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகுதான் அது கைக்கு வந்தது. அசல் சான்றிதழ் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ரசீதும் துண்டறிக்கையும் பத்திரமாக இருந்ததால்தான் மனுவை எழுத முடிந்தது.

அதே ஆட்கள் இப்போது வேறு பெயர்ப் பலகையோடு தொண்டிப் பக்கம் சேர்க்கை நடத்துகிறார்கள். அங்கே பணம் கட்டியவர்கள் இருந்தால் உங்கள் ரசீதோடு நீங்களும் புகார் கொடுங்கள்.